பாட்டக்கா செகந்திராபாத்துக்கு வந்த வருடம்

ஆண்டு தெரியாத செய்தியை நான் செய்தியாகவே சேர்த்துக்கொள்வதில்லை. இது ஒரு வியாதி என்று வீட்டில் சொல்வார்கள். ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் இருக்கும் தமிழர்கள் எந்த மேடையில், எந்த வருடம், யார் பாடிக் கேட்டார்கள் என்று வெகுநாளாகத் தொகுத்து வருகிறேன். யாரும் கேட்டுக்கொண்ட வேலையல்ல. இந்த நினைவில் இரண்டு கச்சேரிகள் வருகின்றன. ஒன்றை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். சனத்நகரில் எங்கள் தெருவுக்குக் கேபிள்காரர் தமிழ்ச் சேனல் கொடுக்கத் தொடங்கி அதிக நாள் ஆகவில்லை, நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன் என்பவற்றை வைத்து அது இரண்டாயிரத்து மூன்றின் கடைசியாகவோ நான்கின் தொடக்கமாகவோ இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். மற்றொரு கச்சேரியின் ஆண்டுதான் என்னை நெடுநாள் அலைக்கழித்தது.

அப்பா திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். ஐடிஐ முடித்த கையோடு சனத்நகரில் ஒரு இஞ்சினியரிங் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். அம்மா செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள். அவள் குடும்பம் ஒர்க்ஷாப் வேலைக்காக மெட்ராஸ் பக்கமிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. வீட்டில் பேசியது தமிழ்தான். ஆனால் அந்தத் தமிழில் ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு என்று இந்த ஊர் உருதுச் சொற்கள் குடித்தனம் வந்து, வாடகைக்கு வந்தவை என்பதே மறந்துபோகும் அளவுக்கு நிலைத்துவிட்டன. அவை தமிழ் இல்லை என்பது கல்யாணம் வரைக்கும் அம்மாவுக்குத் தெரியாது.

தெரிய வந்தது அப்பாவின் ஊரில், பந்தியில். இரண்டாம் முறை பாயசத்தோடு வந்தவரைப் பார்த்துப் புதுப்பெண் இலையைக் கையால் மறைத்து, "நக்கோ, நக்கோ" என்றாளாம். பரிமாறியவர் அப்பாவுக்குப் பெரியப்பா முறை. பெண் தன்னை எதை நக்கச் சொல்கிறாள் என்று புரியாமல் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவியது. அன்றிலிருந்து அப்பாவின் உறவுக்காரர்களுக்கு அம்மா நக்கோக்காரி. அழைப்பிதழ் கொடுக்க வருபவர்கூட, "நக்கோக்காரி நல்லா இருக்குதா?" என்றுதான் விசாரிப்பார். அதற்குப் பிறகு மாமியார் வீட்டு ஆட்கள் முன்னால் அம்மா வாயைத் திறப்பதில்லை. தலையசைத்து முடித்துக்கொள்வாள். இதைப் பார்த்து, ஹைதராபாத்தில் வளர்ந்தாலும் அடக்கமான பெண் என்று அவளுக்கு ஒரு நல்ல பெயரும் கிடைத்திருந்தது.

பாட்டக்கா அப்பாவின் பக்கத்து நாட்டுப்புறப் பாடகி. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சுவரொட்டியில் மட்டும் இருக்கும். அவரைவிட வயதில் பெரியவர்களும் பாட்டக்கா என்றுதான் சொல்வார்கள். அப்பா பட்டறை வேலைக்கு வந்தபோது பெட்டியில் அவருடைய கேசட் ஒன்று இருந்தது. அதில் ஒரு பாட்டு. அத்தை மகன் ஒருவன் வரிசையாக ஒவ்வொன்றாய் வாங்கித் தருகிறேன் என்கிறான், பெண் மறுத்துக்கொண்டே போகிறாள்.

கொலுசு வாங்கித் தாரேன்னான், வேண்டா வேண்டா
குண்டுமல்லி தாரேன்னான், வேண்டா வேண்டா

கடைசியில் அவன், 'கொடந் தண்ணி தூக்குறேன்' என்கிறான். அதற்கு அவள் ஒன்றும் சொல்வதில்லை. பம்பை மேளம் மட்டும் ஒலிக்கும்.

நான் பிறப்பதற்கு முன்பே அந்த கேசட்டின் நாடாவை டேப்ரிக்கார்டர் தின்றுவிட்டது. அதற்குள் அம்மா பாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சடை பின்னும்போதெல்லாம் பாடுவாள். அவள் பாடியது 'கொலுசு வாங்கித் தாரேன்னான், நக்கோ நக்கோ' என்றுதான். மாற்றிப் பாடுகிறோம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. எனக்கும் அதுதான் பாட்டு.

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அந்தச் சமயத்தில் மாமாவோடு கொண்டாப்பூரில் இருந்தாள். மகனுக்கு அங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. லிஃப்ட் வைத்த கட்டடத்தில் வீடு, சுவரை அடைத்த மாதிரி டிவி. எல்லாம் இருந்தும் அந்த டிவியில் தமிழ் வரவில்லை. பாட்டக்காவுக்குப் பாராட்டுக் கச்சேரி நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்றதும், இருவரும் ஆட்டோ பிடித்து எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவோடு வேலை செய்த லேத்காரர் தன் மனைவியோடு வந்தார். அதே மாவட்டத்து ஆட்கள் இன்னும் சிலர் வந்தார்கள். பாய்கள் போதாமல் அம்மா கட்டில் விரிப்பை உருவித் தரையில் போட்டாள்.

மாமா சாதாரண ரசிகர் இல்லை. ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர், பாட்டக்கா எங்கே பாடினாலும் கடையைப் பூட்டிவிட்டுப் போனவர். எந்தத் திருவிழாவில் எந்தப் பாட்டை எத்தனையாவதாகப் பாடினார், எங்கே மழை வந்து பாதியில் நின்றது எல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் அவரைப் பிரமிப்போடு பார்ப்பேன்.

கச்சேரி தொடங்கியது. பட்டுப் புடவை கட்டிய சினிமாப் பாடகிகள் ஒவ்வொருவராக வந்து பாட்டக்காவின் பாடல்களைப் பாடினார்கள். பாட்டக்கா மேடை ஓரத்தில் ஒரு ராஜ நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். கால் தரையில் எட்டவில்லை.

"பம்பை அடிக்கற எடத்துல பியானோவக் கொண்டாந்து வச்சிருக்கான் பாரு," என்றார் மாமா.

"அவ இன்னா, சளி புடிச்சவ மாதிரி பாடுறா," என்றாள் அத்தை.

"பாட்டக்காவுக்கு ஒரு மணப்பலகை போட்டிருக்கலாம். எம்மாம் நேரம் கால தொங்கப் போட்டுக்கினு இருக்கும்?" என்று லேத்காரர் மனைவி கவலைப்பட்டாள்.

திட்டிக்கொண்டே ஒரு பாட்டையும் விடாமல் கேட்டார்கள். இந்தச் சமயத்தில்தான் கொலுசுப் பாட்டு வந்தது. பாடகி, 'வேண்டா வேண்டா' என்று குழைந்தாள். நான் பாயிலிருந்து எழுந்து, "தப்பு பாடுதோந்தி" என்றேன். எனக்கு அப்போது தமிழ் புரியும், வாயைத் திறந்தால் தெலுங்குதான் வரும்.

"எது தப்பு? நீ பாடு பாக்கலாம்," என்றார் மாமா ஆசையாக.

நான் அம்மாவிடம் கேட்டபடியே, அவள் இழுக்கிற இடத்தில் இழுத்துப் பாடினேன். இரண்டாவது நக்கோ முடிவதற்குள் அறையே சிரிப்பில் குலுங்கியது.

"அடிப்பாவி, பாட்டையும் உட்டு வைக்கலியா இவ?" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்குப் பாயாசத்த நக்கச் சொன்னா, இன்னிக்குக் கொலுச நக்கச் சொல்றா. பாட்டக்கா கேட்டா இந்த வயசுல நாற்காலியில இருந்து வுழுந்துடும்."

லேத்காரர் மனைவி என் கன்னத்தைக் கிள்ளினாள். பாராட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு நான் இன்னொரு முறை பாடத் தயாரானேன். டீ போட்டுக்கொண்டிருந்த அம்மா சமையலறை வாசலுக்கு வந்து பார்த்தாள். சிரிப்பு எதற்கு என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள்.

அப்பா அதுவரை சிரிக்கவில்லை என்பது அவர் பேசியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"புள்ள பாடுனது தப்பு இல்ல மாமா. பாட்டக்காவே அப்படிப் பாடியிருக்குது."

சிரிப்பு நின்றது. "எங்க?" என்றார் மாமா.

"இங்கதான். செகந்திராபாத் ரயில்வே இன்ஸ்டிட்யூட் மேடையில. எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்ன. இந்த ஊர்க்காரங்களுக்காக நக்கோன்னு மாத்திப் பாடுச்சு. நான் நேர்ல கேட்டேன். நான்தான் இவ அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

அப்பா அதிகம் பேசாதவர். பேசாதவர் சொன்னால் ஊர் நம்பும். ஆனால் தனக்குத் தெரியாமல் பாட்டக்கா ஒரு மேடை ஏறியிருக்கிறார் என்பதை மாமாவால் தாங்க முடியவில்லை.

"எந்த வருசம்?"

"வருசமெல்லாம் யாருக்கு ஞாபகம்?"

"பம்பை யாரு அடிச்சது?"

"இருட்டுல எங்க தெரிஞ்சுது?"

"மச்சான், எனக்குத் தெரிஞ்சு பாட்டக்கா வடக்க மெட்ராசத் தாண்டுனது இல்ல."

"உங்களுக்குத் தெரிஞ்சு," என்றார் அப்பா.

அந்த வார்த்தையோடு விட்டிருக்கலாம். திரையின் அடியில் ஒரு தொலைபேசி எண் ஓடிக்கொண்டிருந்தது. ரசிகர்கள் கூப்பிட்டுப் பாட்டக்காவோடு பேசலாம் என்றார்கள். மாமா கட்டிலோரம் இருந்த போனை மடிக்கு எடுத்துக்கொண்டார். "சண்ட எதுக்கு? பாட்டக்காவையே கேட்டுட்டா போச்சு."

அப்பாவை அவ்வளவு சுறுசுறுப்பாக நான் பார்த்ததே இல்லை. இந்த நேரத்தில் லைன் கிடைக்காது என்றார். எங்கள் போனில் எஸ்டிடி போகாது என்றார். நான் உடனே, போன வாரம்கூட ஊருக்குப் பேசினோமே என்று நினைவூட்டினேன். டீ ஆகிவிட்டது, முதலில் டீ குடிக்கலாம் என்றார். மாமா காதில் ரிசீவரோடு திரும்பத் திரும்ப எண்ணைப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறை எங்கேஜ் சத்தம் வந்தபோதும் அப்பா மூச்சு விடுவது கேட்டது. கச்சேரியில் இரண்டு பாட்டுகள் போயின. மூன்றாவது பாட்டு முடியும்போது மாமா கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினார். லைன் கிடைத்துவிட்டது.

டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தோம். மாமாவின் குரல் முதலில் அறையிலும், ஒரு கணம் கழித்து டிவியிலும் கேட்டது. ஹைதராபாத்திலிருந்தா, அங்கேயும் நம் தமிழர்களா என்று தொகுப்பாளினி நெகிழ்ந்தாள். மாமா தன் நாற்பது வருட ரசனையை விளக்கி, கடையைப் பூட்டிய நாட்களைச் சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"பாட்டக்கா, எங்க மச்சான் ஒருத்தரு இருக்காரு. நீங்க செகந்திராபாத்து ரயில்வே மேடையில கொலுசுப் பாட்ட நக்கோ நக்கோன்னு பாடுனீங்கன்னு சொல்றாரு. அவரு சம்சாரம் இந்த ஊரு பொண்ணு. அது அப்படித்தான் பாடுது. இப்ப அது மக பாடுச்சு, நாங்கள்லாம் சிரிச்சிட்டோம். அதான் கேக்கறேன். நீங்க இந்த ஊருக்கு வந்தீங்களா?"

தொகுப்பாளினி, 'நக்கோ' என்ற சொல்லைக் கேட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். கேமரா பாட்டக்காவின் முகத்துக்குப் போனது. அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னா வார்த்த சொன்ன? இன்னொருக்கா சொல்லு சாமி."

"நக்கோ. வேண்டாங்கறதுக்கு இந்த ஊர்ல அப்படிச் சொல்லுவாங்க."

"அந்தப் பொண்ணு வூட்லதான் இருக்குதா?"

"இருக்குது. அடுப்பாண்ட இருக்குது."

பாட்டக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அப்பா தரையில் இருந்த விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் இல்லை.

"பாடுனேன்," என்றார் பாட்டக்கா. "இல்லாம? எந்த ஊருக்குப் போறமோ அந்த ஊரு பேச்சுலதான் வேண்டாம்னு சொல்லணும். இல்லன்னா அந்தப் பையனுக்கு எப்பிடிப் புரியும்?"

கூட்டம் சிரித்தது. அது வேறு மாதிரிச் சிரிப்பு. பாட்டக்கா பியானோக்காரரைக் கையமர்த்திவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கி நின்று, அந்த வயதிலும் பிசிறில்லாத குரலில், கொலுசு வாங்கித் தாரேன்னான், நக்கோ நக்கோ என்று எடுத்தார். எங்கிருந்தோ ஒரு பம்பை சேர்ந்துகொண்டது. அன்றைய கச்சேரியில் அவர் வாய்திறந்து பாடியது அது ஒன்றுதான்.

மாமா ரிசீவரை வைக்கவே மறந்துவிட்டார். தோற்றவர் முகம் போல இல்லை. பாட்டக்கா தன்னோடு பேசிவிட்டார், தன் கேள்விக்காக எழுந்து பாடிவிட்டார் என்ற பூரிப்பில் கண் கலங்கியிருந்தது. லேத்காரர் தொடையில் தட்டிக்கொண்டு, "இப்பத்தான் ஞாபகம் வருது. அந்தக் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன்," என்றார். "மைக் செட்டு வயரு அறுந்து போச்சு. நான்தான் புடிச்சுக்கினு நின்னேன்." அவர் மனைவி, பாட்டக்கா அன்று கட்டியிருந்தது அரக்குப் புடவை என்றாள். அவளுக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்காது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

கச்சேரி முடிந்து, அத்தை செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா வாசலுக்கு வந்தாள். "அண்ணி, கைக்கு இவ்ளோ அவசரம்? சாப்ட்டு போங்க. சாதம் வச்சிட்டேன்," என்றாள். மாமியார் வீட்டு ஆள் ஒருவரிடம் அம்மா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை அதற்குள் ஒரு செருப்பை மாட்டியிருந்தாள். அதைக் கழற்றிவிட்டு, "ஹவ்வு, சாப்புட்டே போறோம்," என்றாள். கேலியா இல்லையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு நக்கோக்காரி என்ற பெயர் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சொல்கிற விதம் மாறிப்போனது. பாட்டக்கா வாயில் வந்த சொல் எங்கள் வீட்டு மருமகளின் ஊர்ச் சொல் என்பதாக ஊரில் பெருமை பேச ஆரம்பித்தார்கள்.

நான் அன்று புரிந்துகொண்டது இவ்வளவுதான்: டிவியில் பாடியவள் தவறு, அம்மா சரி, மாமாவைவிட அப்பாவுக்கு ஞாபகசக்தி அதிகம். மறுநாள் பள்ளியில் இதைத் தெலுங்கில் விரிவாகச் சொன்னேன்.

பல வருடங்கள் கழித்து என் தொகுப்பில் இந்த இன்ஸ்டிட்யூட் கச்சேரியைச் சேர்க்க நினைத்தபோது ஆண்டு தேவைப்பட்டது. லேத்காரர் ஓர் ஆண்டைச் சொன்னார். அந்த ஆண்டில் அவர் ஹைதராபாத்துக்கே வந்திருக்கவில்லை. மாமா, தான் வர இருந்ததாகவும் கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். அப்பா செய்தித்தாளிலிருந்து முகத்தை எடுக்காமல், "உங்கம்மாவப் பொண்ணு பாக்கறதுக்கு முந்தின வருசம்," என்றார். ரயில்வே காலனியின் பழைய ஆட்கள் சிலர் கூட்டம் வராந்தா வரை நின்றதாகச் சொன்னார்கள். சாட்சிகளுக்குக் குறைவில்லை. ஒருவர் சொன்ன ஆண்டு மற்றவரோடு ஒத்துப்போகவில்லை. கடைசியாக அம்மாவிடம் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்ஸ்டிட்யூட் மேடைக்கு எதுத்த குவார்ட்டர்ஸ்லதான் நாங்க இருந்தோம். மேஜிக் ஷோ வந்தாலும் நாடகம் வந்தாலும் மொத பெஞ்ச்சு எங்களுதுதான். அந்தம்மா வந்ததே இல்ல."

"பாடினேன்னு அவங்களே டிவியில சொன்னாங்களே?"

"அவங்களுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தமே தெரியாது. உன் மாமா சொன்னப்புறம்தானே பாடுனாங்க?"

"அப்ப, அப்பா சொன்னது பொய்யின்னு உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"ஹவ்."

"அப்பாகிட்ட நீ கேக்கவே இல்லியா?"

"கைக்கு?" என்றாள் அம்மா.

அந்த இரண்டாவது கச்சேரியை ஆண்டு போடாமல் தொகுப்பில் விட்டிருக்கிறேன். அதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம், பாட்டக்கா பாடி முடித்த கையோடு அம்மா தட்டில் டீ கொண்டு வந்தது நினைவுக்கு வருகிறது. மாமாவுக்கு, அத்தைக்கு, லேத்காரருக்கு, மற்றவர்களுக்கு எல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியாக அப்பாவுக்குக் கொடுத்தாள். அவர் நிமிராமல் வாங்கிக்கொண்டார். அறையில் அவ்வளவு இரைச்சல், உள்ளே அவளுக்கு அவ்வளவு வேலை. ஆனாலும் அவள் அவர் எதிரிலேயே வெறுந்தட்டை மார்போடு பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். காலி டம்ளருக்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்து, "சீக்கிரம் குடிங்கப்பா, அம்மா நிக்கிறாங்க," என்று தெலுங்கில் அவரை விரட்டினேன். டம்ளரில் டீ விளிம்புவரை இருந்தது.